கடைமடைக்குக் காத்து ஏறல மருமவனே!

வா மருமவனே, வந்து திண்ணையில குந்து. வில்லியனூருல தேருக்கு அடுத்தபடியா ஊரே கூடி நின்னு பாத்தது ஒன் வண்டியத்தான்னு எந்தங்கச்சி போன்ல சொல்லிச்சி. தேருக்காச்சும் கவர்னரு வந்து வடம் புடிக்கிறாரு. ஒன் வண்டிக்கு யாரு புடிச்சாங்க? மேல்மலையனூரு போற வழியில பேட்டரி எறங்கி, பொம்பளைங்கல்லாம் எறங்கித் தள்ளினாங்களாமே! அங்காளம்மனுக்கு எத்தனையோ வேண்டுதலு உண்டு. வேன் தள்ற வேண்டுதலு நீ புதுசா ஆரம்பிச்சது.

கோச்சுக்காத. மாமன் கேலி பண்ணாம வேற யாரு பண்றது?

கல்யாணத்துக்கு ஆளு ஏத்துன பழைய வேன வாங்கின. சீட்ட எல்லாம் புடுங்கிப்புட்டு கட்டிலு, அடுப்பு, சிங்க்கு, சாமி மாடம், பின்னால பிளைவுட்டுல ஒரு ரூமு, கூரை மேல ஒரு ஏசின்னு மாட்டின. பின்பக்கம் ‘கேரவன்’னு பெரிய எழுத்து, அதுக்குக் கீழ சின்னதா ஒங்கம்மா பேரு. சரி, ஆசதான். ஆனா வண்டியிலயே வூடு கட்டுன மொத ஆளு நீதான்னு நெனச்சிக்காத. அம்பது அறுபது வருசத்துக்கு முன்னாடியே வெள்ளக்காரப் புள்ளைங்க ஐரோப்பாவுலேந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான்னு தரை வழியாவே வேன் ஓட்டிக்கிட்டு இந்தியாவுக்கு வந்துச்சிங்க. சன்னலத் தொறந்து வச்சிக்கிட்டு வந்ததால அதுங்களுக்கு ஒன் ஏசிப் பிரச்சன இல்ல. அப்பறம் சினிமாக்காரங்க. புதுச்சேரியில ஷூட்டிங்குன்னா தெருவ அடைச்சிக்கிட்டு கேரவன் நிக்கும். உள்ள நடிகரு, வெளிய ஜெனரேட்டரு, நடுவுல நம்ம போலீசு. கேரளா சர்க்காரு 2021-ல சுற்றுலா கேரவனுக்குன்னே ஒரு கொள்கையே அறிவிச்சிது. கடைசியா நீ வந்திருக்க. வரிசையில கடைசின்னாலும் ஆரன் சத்தத்துல நீதான் மொதலு.

சீட்ட எடுத்ததுக்கும் ரூமு கட்டுனதுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுல எழுதி வாங்கினியா? ஆர்.சி.யில இருக்குறதுக்கு மாறா வண்டிய இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்லுது. முழிக்காத, அந்தப் பஞ்சாயத்த நாளைக்கி வச்சிக்குவம். இன்னைக்கி நீ வந்தது காத்து விசயமா.

“ஏசி பத்தல மாமா, இத வித்துட்டு பெருசா ஒண்ணு மாட்டிப்புடலாமா?”ன்னு கேக்குற. மாட்டு. காசு ஒன்னுது, கடன் ஒங்கப்பனுது, எனக்கென்ன? ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்குறன். ஒனக்குக் குளுரு பத்தலியா, இல்ல குளுரு வந்து சேரலியா? ரெண்டும் ஒண்ணு கெடையாது.

மேல்மலையனூரு போனப்ப டிரைவருக்குப் பின்னால குந்தியிருந்த ஒங்கப்பன், எம் மச்சான், காதுல மப்ளரு கட்டிக்கிட்டு வழியெல்லாம் தும்மிக்கிட்டே வந்தாராம். பின் ரூமுல கட்டில் மேல குந்தியிருந்த ஒங்கத்த பனவோல விசிறிய கீழ வைக்கலியாம். ஒரே வண்டி, ஒரே ஏசி. முன்னால மார்கழி, பின்னால கத்திரி. வூட்டுல வந்து எறங்குனதும் அவ எங்கிட்ட கேட்டா: “ஏங்க, இந்த வண்டிக்கு ஏசி பாதி வெலைக்கித்தான் குடுத்தாங்களா?”

நீ வில்லியனூருக்காரன். ஊசுட்டேரிய பறவ பாக்குறதுக்குப் போயி பாத்திருப்ப. நான் பாகூருக்காரன், ஏரிய வயித்துக்காகப் பாத்தவன். புதுச்சேரி பகுதியில 84 ஏரி. பெருசு ஊசுடு, அதுக்கு அடுத்தது எங்க பாகூரு. தென்பெண்ணையில சொர்ணாவூர் அணக்கட்டுலேந்து பங்காரு வாய்க்கா வழியா ஏரிக்குத் தண்ணி வருது. ஏரியிலேந்து மதகு, மதகுலேந்து வாய்க்கா, வாய்க்காலேந்து மடை, மடையிலேந்து வயலு. ஏரி ரொம்பி வழிஞ்சாலும் வாய்க்கா தூந்து கெடந்தா கடைமடைக்காரன் வயலு வெடிச்சித்தான் கெடக்கும். அவன் போயி “ஏரிய இன்னும் பெருசா வெட்டுங்க”ன்னு மனு குடுத்தா ஊரே சிரிக்கும். வாய்க்கால தூரு வாருடான்னு சொல்லும்.

ஒன் வண்டியில ஏசிதான் ஏரி. கூரைக்குள்ள ஓடுற டக்ட்டு வாய்க்கா. வென்ட்டுங்க மடை. ஒங்கத்த கடைமடை. நீ ஏரிய வெட்டப் போற.

நேத்து நீ சாவியக் குடுத்துட்டு டீ குடிக்கப் போன நேரத்துல உள்ள ஏறிப் பாத்தன். ஏசிக்கு அடியில, கூரையில இருக்குற அந்த பிளாஸ்டிக்கு மூடிய திருப்புளியால கழட்டினன். உள்ள ரெண்டு அறை இருக்கணும். வண்டிக்குள்ள இருக்குற சூடான காத்து உறிஞ்சி மேல ஏறுறது ஒண்ணு. குளுந்து எறங்கி டக்ட்டுக்குப் போறது ஒண்ணு. நடுவுல கெட்டியா ஒரு தடுப்பு. ஒன் வண்டிக்கு பாடி கட்டுன மவராசன் அந்தத் தடுப்ப ஒரு தெர்மாகோல் துண்டால போட்டு, கரண்டு வேல செய்யிற கருப்பு டேப்பால ஒட்டியிருக்கான். கூரை சூட்டுல பசை எளகி டேப்பு தொங்குது. தெர்மாகோல் ஒரு பக்கமா சாஞ்சி, எங்கை தாராளமா நொழையிற அளவுக்கு சந்து. எறங்குற குளுந்த காத்து டக்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அந்தச் சந்து வழியா திரும்ப ஏசிக்குள்ளயே போயிடுது. மதகுத் தண்ணி வயலுக்குப் போவாம ஏரிக்கே திரும்புன கத.

அதோட வுட்டானா? டார்ச்ச அடிச்சி டக்ட்டுக்குள்ள பாத்தன். கடைசி வென்ட்டத் தாண்டியும் டக்ட்டு ஓடிக்கிட்டே இருக்கு. அதோட வாய அடைக்கல, கூரைக்கும் உள் பலகைக்கும் நடுவுல இருக்குற பொந்துக்குள்ள அப்படியே தொறந்து வுட்டுருக்கான். மரத்தூளு, பேக்கிங்கு கவரு கிழிசலு, அதுக்கு நடுவுல சொகமா ஒரு பல்லி. ஒங்கத்தைக்கு இல்லாத குளுரு பல்லிக்குப் போவுது. அதுக்கு ஒரு போர்வ மட்டுந்தான் கொற.

இதுக்கெல்லாம் மெக்கானிக்கு வேணாம். கெட்டியான இன்சுலேசன் பலகைய அளவா வெட்டி அந்தத் தடுப்ப வய்யி. நாலு ஓரத்துலயும் அலுமினியம் பாயில் டேப்பு ஒட்டு. கருப்பு டேப்பும் துணி டேப்பும் கூரை சூட்டுல நிக்காது. ஒட்டுறதுக்கு முன்னாடி தூசியத் தொடச்சி காய வய்யி. தூசி மேல ஒட்டுன டேப்பு தூசியத்தான் புடிச்சிக்கிட்டு நிக்கும். டக்ட்ட கடைசி வென்ட்டோட அடைச்சிப்புடு. டக்ட்டும் ஏசியும் சேர்ற எடம், டக்ட்டும் வென்ட்டும் சேர்ற எடம், எல்லாத்துலயும் ஈரக் கைய வச்சிப் பாரு. சில்லுன்னு பட்டா அங்க ஒழுக்கு. பல்லிய மரியாதையா எறக்கி வுடு, அதுக்கும் நமக்கும் சண்ட இல்ல.

அன்னைக்கி நீ பெருமையா எனக்கு ஒண்ணு காட்டின. “பாரு மாமா, உள்ள ஐஸே கட்டுது, எவ்ளோ கூலிங்கு!” நானும் தலைய ஆட்டினன். அது கூலிங்கு இல்லடா, காத்த குளுர வைக்கிற காயிலுக்கு வந்த நோவு. காயிலு மேல போதுமான காத்து ஓடுனாத்தான் அது அளவா குளுரும். காத்து கொறஞ்சாலோ, குளுந்த காத்தே திரும்பத் திரும்ப வந்தாலோ காயிலோட குளுரு பூச்சியத்துக்குக் கீழ போயி, காத்துல இருக்குற ஈரம் அதுமேல பனியா ஒறையும். பனி ஒறஞ்சா காத்துக்கு வழி அடையும். வழி அடைஞ்சா இன்னும் ஒறையும். கடைசியில ஏசி ஒறுமும், வென்ட்டுல மூச்சு இருக்காது. அப்படி ஆச்சின்னா கம்ப்ரசர நிறுத்திப்புட்டு ஃபேன மட்டும் ஓட வுடு, எளகி தண்ணியா வழிஞ்சிடும். பொறவு ஏன் ஒறஞ்சிதுன்னு தேடு.

தேடுறதுக்கு ஒரு டிஜிட்டல் தர்மாமீட்டரு வாங்கிக்க, சல்லிசாக் கெடைக்கும். வண்டிய மூடி ஏசிய கொஞ்ச நேரம் ஓட வுட்டுட்டு, ஏசி காத்த உறிஞ்சுற எடத்துல மொதல்ல அளந்து பாரு. அப்பறம் ஏசிக்குக் கிட்ட இருக்குற மொத வென்ட்டுல பாரு. ரெண்டுக்கும் 8-லேந்து 12 டிகிரி வரைக்கும் வித்தியாசம் இருந்தா ஒன் மெஷினு நல்லாத்தான் இருக்குது. உறிஞ்சுறது 34 டிகிரின்னா வர்றது 24 பக்கம் இருக்கும், அவ்ளோதான். எடுத்த எடுப்புல 16 வரணும்னு எதிர்பாத்தா அது ஏசி இல்ல, மந்திரவாதி. உள்ள இருக்குற காத்து சுத்திச் சுத்தி வந்து கொஞ்சங் கொஞ்சமாத்தான் குளுரும். பொறவு கடைசி வென்ட்டுல அள. மொத வென்ட்டுல 24, கடைசியில 29-ன்னா, குளுரு வழியில தொலையுதுன்னு அர்த்தம். டிஸ்யூ பேப்பர நீட்டமா கிழிச்சி ஒவ்வொரு வென்ட்டுலயும் ஒட்டிப் பாரு. எது ஆடுது, எது சும்மா தொங்குதுன்னு அதே சொல்லும்.

வென்ட்டு விசயத்துல நீ பண்ணது இன்னொரு கூத்து. ஒங்கப்பன் தும்முறாருன்னு முன் வென்ட்டுங்கள இறுக்கி மூடின. நடுவுல படுத்த ஒன் மச்சினன் மூஞ்சியில அடிக்குதுன்னு அதையும் மூடின. தண்ணி கட்டத் தெரிஞ்சவன் மேமடைய முழுசா அடைக்க மாட்டான், அளவா மண்ணு போடுவான். எல்லாத்தையும் அடைச்சா ஏசியிலேந்து வர்ற காத்துக்கு மொத்தத்துல வழி கொறையும், காயிலு மறுபடியும் பனி புடிக்கும். முன் வென்ட்ட பாதி மூடு, பின்னால பேப்பரு ஆடுதான்னு பாரு. இன்னும் கொஞ்சம் மூடு, பாரு. வென்ட்டு வாய ஆளு மூஞ்சிக்கு நேரா திருப்பாத. கூரைய ஒட்டி பின் பக்கமா அடிக்கிற மாதிரித் திருப்பு. குளுந்த காத்து கனம், தானா கீழ எறங்கும்.

பின் ரூமுக்கு நீ இழுத்த அந்தப் பாம்புக் குழாயப் பத்தி பேசவே வேணாம்னு பாத்தன், முடியல. மூணு இஞ்சு குழா. நேரா போனா ஆறடிதான் இருக்கும். மிச்சக் குழாய வெட்ட மனசு வராம ரெண்டு சுத்து சுத்தி பீரோவுக்குப் பின்னால அமுக்கியிருக்க. உள்ள வரி வரியா இருக்குற குழாயில காத்து ஏற்கெனவே உராஞ்சிக்கிட்டுத்தான் போவும். அதுல மடிப்பு வுழுந்தா ஆளோட கழுத்தப் புடிச்ச கணக்கு. மிச்சத்த வெட்டித் தூக்கிப் போடு. இழுத்து நேராக் கட்டு. திருப்பணும்னா அகலமா வளச்சித் திருப்பு. முடிஞ்சா ஆறு இஞ்சு குழாயா மாத்து. அளவு ரெண்டு மடங்குதான், வழி நாலு மடங்கு. நம்பலேன்னா எம்பேரனக் கேளு, வட்டத்தோட பரப்பு எட்டாவதுல படிச்சிட்டான்.

குளுந்த காத்து போவுற வழியப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கம். திரும்பி வர்ற வழிய யாராச்சும் பாத்தீங்களா? வயலுக்கு வடிகாலு வேணும்னு தெரிஞ்ச ஊரு இது. நீ பின் ரூமுக்கு பிளைவுட்டு கதவு போட்டு, கொசு வரக் கூடாதுன்னு அடியில ரப்பரு வேற அடிச்சி இறுக்கியிருக்க. கதவ மூடுனா உள்ள காத்து போவுது, வெளிய வர எடம் இல்ல. வெளிய வராதப்ப உள்ள எப்படிப் போவும்? ரூமு ஊதிக்கிட்டு நிக்கும், வென்ட்டு மூச்சு வுடாது. கதவுக்கு அடியில ஒரு இஞ்சு சந்து வுடு. இல்ல கதவோட கீழ்ப் பக்கத்துல ஒரு ஜாலி வெட்டி கொசுவல அடி. ஒங்கத்த படுத்து எழுந்திரிக்கிற ரூமு அது, அவளுக்கு இதவிட நீ பெருசா ஒண்ணும் செய்ய வேணாம்.

அப்பறம் அந்த முருகன் படம். டிரைவருக்குப் பின்னால, ஏசி காத்து உறிஞ்சுற ஜாலி மேலயே கேலண்டரு முருகன வச்சிருக்க. ஆணியும் இல்ல, பசையும் இல்ல, படம் அப்படியே நிக்குது. எந்தங்கச்சி அத அதிசயம்னு கும்புட்டுக்கிட்டு இருக்கா. அவள நான் ஏன் கெடுக்கணும்? ஒங்கிட்ட மட்டும் சொல்றன். ஏசி மூச்சு இழுக்குது, படம் மூக்குல ஒட்டிக்கிட்டு நிக்குது. முருகன எடுத்து சாமி மாடத்துல வய்யி. அவருக்கும் குளுரு ஆவாது, கோவணத்தோட நிக்கிறாரு. படத்துக்குப் பின்னால ஃபில்டரக் கழட்டுனா பீடிச் சாம்பலு நெறத்துல பஞ்சு. ஒங்கம்மா சேலை நூலு, ஒன் நாயோட முடி எல்லாம் அதுல இருக்குது. தண்ணியில அலசி நெழல்ல காய வச்சி மாட்டு. வண்டி ஓட்டுற மாசத்துல ரெண்டு தரமாச்சும் அதச் செய்யணும்.

இவ்ளோவும் பாக்காம நீ எங்க போன? மெக்கானிக்குகிட்ட. அவன் இன்னா சொன்னான்? “கேஸ் எறங்கிடுச்சி, ஏத்தணும்.” எல்லா வூட்டுலயும் எல்லா வண்டியிலயும் அவன் சொல்ற ஒரே மந்திரம் அதான். கேஸ் இன்னா பெட்ரோலா, ஓட்ட ஓட்டத் தீர்றதுக்கு? மூடுன குழாய்க்குள்ள சுத்திக்கிட்டு இருக்குறது. கொறஞ்சிருந்தா எங்கியோ ஒழுவுது. ஒழுக்கக் கண்டுபுடிக்காம ஏத்துனா மறுபடி ஒழுவும், மறுபடி அவன் வருவான். அடுத்த தரம் அவன் சொன்னா, “சரிண்ணே, எங்க ஒழுவுது, மொதல்ல காட்டுங்க”ன்னு மரியாதையாக் கேளு. மொகத்தப் பாரு.

“ஒன்றரை டன்னு வாங்கட்டுமா, ரெண்டு டன்னு வாங்கட்டுமா?”ன்னு கேட்டியே, டன்னுன்னா இன்னான்னு தெரியுமா? எடைன்னு நெனச்சிக்கிட்டுத்தான் வண்டிக்கு அச்சு தாங்குமான்னு கேட்டிருக்க. அந்தக் காலத்துல அமெரிக்காவுல ஐஸ் வச்சித்தான் குளுர வச்சாங்க. ஒரு நாளைக்கி அவங்க ஊரு டன்னு ஒண்ணு, அதாவது 907 கிலோ ஐஸ் எளகுனா எவ்ளோ சூட்ட எடுத்துக்குமோ அதுதான் ஒரு டன்னு. மணிக்கு 12,000 பி.டி.யு. கேரவன் கூரைக்குன்னே செய்யிற ஏசி பெரும்பாலும் 13,500, இல்ல 15,000. ஒரு டன்னுக்கு மேல தான் ஒங்கிட்ட ஏற்கெனவே இருக்குது. 907 கிலோ ஐஸ ஒரு நாளைக்கி எளக்கியும் ஒரு வேனு குளுரலேன்னா கொற ஐஸுலயா இருக்குது?

அதுவும் இல்லாம நம்மூரு காத்துல சூடு பாதி, ஈரம் பாதி. ஏசியக் கண்டுபுடிச்சதே மனுசனுக்கு இல்ல, காகிதத்துக்கு. 1902-ல அமெரிக்காவுல புரூக்ளின்ல ஒரு அச்சாபீசுல ஈரக் காத்துல காகிதம் ஊறி, கலரு ஒண்ணுமேல ஒண்ணு ஒக்காராம போச்சி. அதச் சரி பண்ண வில்லிஸ் கேரியர்னு ஒரு எளந்தாரி இஞ்சினியரு போட்ட கணக்குதான் இது. ஈரத்த எடுக்கத்தான் மெஷினு வந்துச்சி. அதனால ராத்திரி குளுந்து கம்ப்ரசர் நின்னப்பறமும் ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டே இருக்குற மாதிரி வச்சிக்காத. காயிலுல ஒட்டியிருக்குற ஈரத்த எல்லாம் அந்த ஃபேனு திரும்ப ஒன் மேலயே ஊதும், பாய் நமுத்துப் பூடும். ஃபேன ஆட்டோவுல போடு. அப்பறம் 18-ல வச்சா சீக்கிரம் குளுரும்ங்குறது பொய்யி. 24-ல வச்சாலும் 18-ல வச்சாலும் அது ஒரே வேகத்துலதான் குளுர வைக்கும், 18-ல நிக்காம ஓடும், அவ்ளோதான். வூட்டு ஏசியெல்லாம் போட்டவொடனே 24-லதான் தொடங்கணும்னு மத்திய சர்க்காரு 2020 ஜனவரியிலேந்து விதி போட்டது சும்மாவா?

இப்ப மொட்ட மாடிக்கு வா. ஏசி மேல வெய்யிலு படுதேன்னு பாவப்பட்டு தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு வேற இழுத்துக் கட்டியிருக்க. புள்ளைக்கு ஒங்கம்மா கூட அவ்ளோ போத்துனதில்ல. உள்ள இருக்குற சூட்ட எடுத்து வெளிய தள்றதுதான் அதோட வேலையே. வெளிய தள்ளுன சூடு தார்ப்பாய்க்குள்ளயே சுத்தி, அதையே திரும்ப இழுத்தா எப்படிக் குளுர வைக்கும்? அவுத்துப் போடு. ஏசி பக்கத்துல ஏணி, பாத்திர மூட்ட, சைக்கிளு எதுவும் கட்டாத. அந்த மெல்லிசுத் தகட்டு வரிசையில புளிய எலையும் தூசியும் அடைஞ்சிருக்கும். தண்ணிய மெதுவா ஊத்திக் கழுவு. பிரஷரு பைப்ப வச்சி அடிச்சா தகடு மடங்கிடும்.

சூடு உள்ள வர்ற வழிய மொதல்ல அடைச்சா ஏசிக்குப் பாதி வேல மிச்சம். கூரைய வெள்ளையா அடி. நீ கருப்பு அடிச்சது ஷோக்காத்தான் இருக்குது, இட்லி வேவும். டக்ட்டு அந்தச் சூட்டுத் தகட்ட ஒட்டித்தான் ஓடுது, அதச் சுத்தி நைட்ரைல் ரப்பரோ கிளாஸ்வுல்லோ சுத்து. வென்ட்டு ஓரமா தண்ணி சொட்டுதுன்னு சொம்பு வச்சிருக்கியே, அதுவும் நிக்கும். வண்டியிலயே பெரிய கண்ணாடி முன் கண்ணாடிதான். நிறுத்துனதும் அதுக்கு வெள்ளி நெறத் திரைய மாட்டி, டிரைவரு சீட்டுக்குப் பின்னால கனமா ஒரு திரைச்சீல இழுத்து வுடு. இல்லேன்னா ஒன் ஏசி ஸ்டியரிங்குக்குத்தான் குளுரு குடுத்துக்கிட்டு இருக்கும். நிறுத்துற எடம் வேம்போ புங்கையோ பாத்து நிறுத்து. தென்ன மரத்தடி வேணாம், அது குளுரும் குடுக்கும், தேங்காயும் குடுக்கும்.

இதுவரைக்கும் கேலி. இனிமே சொல்றத காது குடுத்துக் கேளு.

நிறுத்துன வண்டியில ஏசி ஓடணும்னா கரண்டு வேணும். கரண்டு இழுக்க எடமில்லேன்னா ஜெனரேட்டரு. ஒன் ஜெனரேட்டர பின் ரூமு கட்டிலுக்கு அடியில, வண்டித் தரைக்குக் கீழ தொங்க வுட்டுருக்க. ஒயரு கொண்டு வர தரையில ஓட்டை போட்டிருக்க. அந்த ஓட்டைய அடைக்கல. 2024 டிசம்பர்ல கேரளாவுல கோழிக்கோடு மாவட்டம் வடகரையில ரோட்டோரமா நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேரு செத்துக் கெடந்தாங்க. ஏசிக்காக ஜெனரேட்டர ஓட வுட்டுட்டுப் படுத்தவங்க. பொகையில இருந்த கார்பன் மோனாக்சைடு, தரையில இருந்த ஓட்டை வழியா உள்ள வந்திருக்குதுன்னு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணருங்க அதே வண்டியில சோதன பண்ணிச் சொன்னாங்க. அந்த வாயுவுக்கு நெறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூங்குறவன் எழுந்திரிக்க மாட்டான். இருமக் கூட மாட்டான். ஏசி போட்ட வண்டி எல்லாத்தையும் மூடி வச்சி உள்ள இருக்குற காத்தையே சுத்த வுடும், வந்த விசம் வெளிய போவ வழி கெடையாது.

அதனால தரையில இருக்குற ஒவ்வொரு ஓட்டையையும் இன்னைக்கே அடை. ஒயரு போற எடம், சிங்க்கு குழா போற எடம், பழைய சீட்டு போல்ட்டு கழட்டுன எடம் எல்லாத்தையும் பாரு. படுக்கும்போது ஜெனரேட்டர ஓட வைக்காத. ஓட வச்சே ஆவணும்னா அத வண்டியிலேந்து தனியாப் பிரிச்சி, தள்ளி, பொகைய காத்து வண்டிப் பக்கம் கொண்டு வராத மாதிரி நிறுத்து. கார்பன் மோனாக்சைடு வந்தா கத்துற அலாரம் விக்கிறாங்க, கட்டிலுக்குப் பக்கத்துல ஒண்ணு மாட்டு. வெளிக்காத்து வர்ற கூரை வென்ட்ட கொஞ்சம் தொறந்து வய்யி. குளுரு கொறைஞ்சா கொறையட்டும். மத்ததெல்லாம் செலவு கொறைக்கிற புத்தி. இது உசுருக்கானது. இதுல மட்டும் “அப்பறம் பாத்துக்கலாம் மாமா”ன்னு சொன்னா, வண்டிச் சாவி எங்கிட்டதான் இருக்குது, தர மாட்டன்.

போயி வரிசையாச் செய்யி. மொதல்ல தரை ஓட்டை. ரெண்டாவது ஏசி தடுப்பு, டக்ட்டு ஒழுக்கு. மூணாவது ஃபில்டரு, முருகன், கதவுச் சந்து. நாலாவது குழா, வென்ட்டு. அஞ்சாவது கூரை, திரை, நெழலு. எல்லாம் சேத்து ஒரு கல்யாணத்துக்கு மொய் எழுதுற செலவுக்கு மேல ஆவாது. அதுக்கப்பறமும் குளுரலேன்னா வா, நானே ஒங்கூட வந்து பெரிய ஏசிக்கு வெல பேசுறன். குளுந்துடுச்சின்னா மிச்சமான காசுல ஒங்கத்தைக்கு ஒரு பொடவ எடு. எனக்கு ஒண்ணும் வேணாம். கள்ளுக்கடைக்கி ஒரு தரம் அந்த வண்டியில கூட்டிக்கிட்டுப் போ, போதும்.

இதப் படிக்கிற மத்த மருமவனுங்களுக்கும் சேத்துத்தான் சொல்றன். ஏசி எத்தன டன்னுன்னு கடைக்காரனக் கேக்குறதுக்கு முன்னாடி, வண்டியில கடைசியா குந்தியிருக்குறவங்கள ஒரு வார்த்த கேளுங்க. அவங்க விசிறியக் கீழ வச்சிட்டாங்கன்னா ஒங்க ஏசி போதும்.